ஒரு நிமிட ஒலிப்பதிவு பிரெஞ்சுப் பாடமாவது எப்படி

பிரெஞ்சு கற்கத் தொடங்குபவர் முதல் சில வாரங்களிலேயே படித்துவிடும் வாக்கியம் ‘ஜெ ந செ பா’. ‘எனக்குத் தெரியவில்லை’ என்று பொருள். பாடப்புத்தகத்தில் நான்கு சொற்களும் இடைவெளி விட்டு வரிசையாக நிற்கும். அதே மாணவர் ஆறு மாதம் கழித்துப் பிரெஞ்சுக்காரர்கள் இருவர் பேசிக்கொள்வதைக் கேட்கிறார். ‘ஷெ பா’ என்று ஏதோ காதில் விழுகிறது. அகராதியில் தேடினாலும் அப்படி ஒரு சொல் கிடைக்காது. அது அவர் படித்த அதே வாக்கியம்தான். மறுப்பின் பாதியான ‘ந’ பேச்சில் உதிர்ந்துவிட்டது. மிச்சமிருந்த ‘ஜெ’யும் ‘செ’யும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நம் ‘தெரியவில்லை’ பேச்சில் ‘தெர்ல’ ஆகிவிடுவது போலத்தான்.

நமக்குப் பேச்சுத் தமிழ் வீட்டிலேயே வந்துவிடுகிறது. எழுத்துத் தமிழைப் பள்ளியில் கற்கிறோம். பிரெஞ்சை அயல்மொழியாகப் படிப்பவருக்கு வரிசை தலைகீழ்: முதலில் எழுத்து நடை, பேச்சு பிறகு எப்போதாவது. நெடுங்காலம் அந்தப் பேச்சு ஆசிரியரின் குரலிலிருந்தும், புத்தகத்தோடு வந்த ஒலிநாடாவிலிருந்தும் மட்டுமே கிடைத்தது. ஒலிநாடாவில் பேசியவர்கள் எழுதிக்கொடுத்ததை வாசித்தார்கள். ஒருவர் முழு வாக்கியத்தையும் முடிக்கும்வரை அடுத்தவர் பொறுமையாகக் காத்திருப்பார். யாரும் இருமுவதில்லை, தடுமாறுவதில்லை, பாதியில் பேச்சை மாற்றுவதில்லை.

இன்று இணைய இணைப்பு உள்ள எந்த ஆசிரியருக்கும் பிரெஞ்சுக் குரல்களுக்குப் பஞ்சமில்லை. வானொலி, தொலைக்காட்சி, வலையொலி, தெருப் பேட்டி, பழைய செய்திச் சுருள் என்று கொட்டிக் கிடக்கிறது. அதனால் ஆசிரியரின் சிக்கலும் மாறிவிட்டது. முன்பு எங்கே தேடுவது என்று தவித்தவர், இப்போது எதை விடுவது என்று யோசிக்கிறார். இணைய வளங்களைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எல்லோரும் முதலில் கேட்பது தளங்களின் பட்டியலை. என்னைக் கேட்டால் பட்டியல் சின்ன விஷயம். தளத்துக்கும் வகுப்புக்கும் நடுவில் ஆசிரியர் செய்யும் வேலை இருக்கிறதே, அதுதான் பாடம். அந்த வேலை வெளியே தெரிவதில்லை என்பதால் அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

அந்த வேலை இணையத்தோடு பிறந்ததும் அல்ல. 1950களின் தொடக்கத்தில் பிரான்சில் மொழியியலாளர்கள் சிலர் ஒலிப்பதிவுக் கருவியை எடுத்துக்கொண்டு சாதாரண மக்களின் உரையாடல்களைப் பதிவு செய்தார்கள். 275 பேரின் பேச்சு, 3 லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள். எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று எண்ணி, அயல்நாட்டவருக்கு முதலில் எதைக் கற்பிக்கலாம் என்று ஏறக்குறைய 1500 சொற்களை வகுத்தார்கள். ‘ஃபிரான்சே ஃபொந்தமான்தால்’, அதாவது அடிப்படைப் பிரெஞ்சு, என்று அதற்குப் பெயர். எண்ணிக்கொண்டே போனபோது ஒன்று தெரிந்தது. முள்கரண்டி போன்று எல்லோருக்கும் தெரிந்த பொருட்களின் பெயர்கள் உரையாடலில் அபூர்வமாகவே வருகின்றன. ஆனால் தேவைப்படும் நொடியில் நாவில் நிற்க வேண்டியவை அவை. ஆகவே எவ்வளவு பேச்சைச் சேகரித்தாலும் அதிலிருந்து மட்டும் பாடம் வந்துவிடாது, கற்பிப்பவர் உள்ளே கைவைத்துத்தான் ஆக வேண்டும் என்பது அன்றே தெரிந்துவிட்டது.

1970களில் பிரான்சின் நான்சி நகரப் பல்கலைக்கழகத்தில் இருந்த ‘கிராபெல்’ என்ற மொழி கற்பித்தல் ஆய்வு மையம் இன்னொரு திசையில் போனது. மாணவருக்காக என்று தயாரிக்காத ஒலியையும் எழுத்தையும், அதாவது அந்த மொழிக்காரர்கள் தங்களுக்குள் பயன்படுத்துவதையே, வகுப்புக்குக் கொண்டுவரலாம் என்று அங்கிருந்தவர்கள் வாதிட்டுச் செய்தும் காட்டினார்கள். பிரெஞ்சு ஆசிரியர்கள் இன்றும் இதை ‘தொக்யுமான் ஓத்தான்தீக்’, அசல் ஆவணம், என்கிறார்கள். ஒரு ரயில் நிலைய அறிவிப்பு, ஒரு மருந்துப் பெட்டியின் தாள், ஒரு வானொலிச் செய்தி எல்லாம் அதில் அடங்கும். அந்த அசல் பொருளைப் பாடமாக்கும் வேலைக்கு ‘திதக்திசே’ என்று வினைச்சொல்லே உண்டு. பிரெஞ்சு ஆசிரியர்கள் இருவர் சந்தித்தால் பத்து நிமிடத்துக்குள் இந்தச் சொல் வந்துவிடும்.

சரி, ஆசிரியர் எங்கே போகிறார்? பெரும்பாலோரின் முதல் நிறுத்தம் ஆர்.எஃப்.ஐ. என்ற பிரெஞ்சு பன்னாட்டு வானொலியின் ‘எளிய பிரெஞ்சில் செய்தி’. பத்து நிமிட உலகச் செய்தி. வாக்கியங்கள் கொஞ்சம் குட்டை. கடினமான சொல் வந்தால் வாசிப்பவரே அடுத்த மூச்சில் விளக்கிவிடுவார். கேட்டதை எழுத்தில் சரிபார்க்க முழு எழுத்துவடிவமும் கிடைக்கிறது. அடுத்த நிறுத்தம் டிவி5 மோந்த். பிரான்ஸ், பெல்ஜியம், சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளின் ஐந்து தொலைக்காட்சிகள் சேர்ந்து 1984இல் தொடங்கிய அலைவரிசை. பெயரில் உள்ள ஐந்துக்கு அதுவே காரணம். கற்பவருக்கு ஒரு பகுதி, கற்பிப்பவருக்கு இன்னொரு பகுதி என்று இணையத்தில் இரண்டையும் இலவசமாக வைத்திருக்கிறது. குட்டிக் காணொளி, அதற்கான பயிற்சி, ஆசிரியருக்கான பாடக் குறிப்பு என எல்லாம் ஏ1 முதல் பி2 வரை நிலை வாரியாகப் பிரிக்கப்பட்டிருக்கும்.

இந்த ஏ1, பி2 என்ற அடையாளங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஐரோப்பிய கவுன்சில் 2001இல் வெளியிட்ட பொது மொழித்திறன் சட்டகத்திலிருந்து வந்தவை இவை. ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்று ஆறு படிகள். அந்தச் சட்டகம் படிநிலையில் வைத்து அளப்பது மனிதரின் திறனை. ‘குட்டையான, தெளிவான அறிவிப்பின் மையக் கருத்தைப் பிடிப்பார்’ என்பது ஏ2. ‘நடப்புச் செய்தி நிகழ்ச்சி நிதானமாக, தெளிவாக இருந்தால் முக்கிய விஷயங்களைப் புரிந்துகொள்வார்’ என்பது பி1. தளங்களோ இதே முத்திரையை ஆவணத்தின் மேல் குத்துகின்றன. அதைப் பார்த்துவிட்டு, பி1 என்று எழுதியிருக்கிறது, நம் ஏ2 வகுப்புக்கு ஆகாது என்று ஒதுக்குபவர் நல்ல பொருட்களை இழக்கிறார். ஒரு செய்தித் துணுக்கைக் கேட்டு ‘எத்தனை பேர் பேசுகிறார்கள், எந்த ஊர்ப் பெயர் காதில் விழுந்தது, நல்ல செய்தியா கெட்ட செய்தியா’ என்று கேட்டால் அது ஏ1 வேலை. அதே துணுக்கில் பேசியவரின் நிலைப்பாடு என்ன, அதை அவர் நேராகச் சொன்னாரா மறைத்துச் சொன்னாரா என்று கேட்டால் பி2. ஆவணம் அப்படியே இருக்கும். கேள்வியை ஏற்றி இறக்கினால் போதும்.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. தொடக்க நிலை மாணவர்தானே என்று பிரெஞ்சுக் குழந்தைகளுக்கான காணொளியைத் தேடிப் போகிறோம். பார்க்க எளிமையாக இருக்கிறது. வண்ணப்படம், அசையும் பொம்மை, ஒன்றரை நிமிடம். கேட்டுப் பார்த்தால் ஓடுகிற வேகம்! எட்டு வயதுப் பிரெஞ்சுக் குழந்தைக்கு வினைத்திரிபு அத்தனையும் காதில் ஏறியிருக்கும். அதைச் சிரிக்கவைக்கும் சொல் விளையாட்டு நம் மாணவருக்குச் சுவர்போல நிற்கும். அதற்குப் பதிலாகப் பெரியவர்களுக்கான வானிலை அறிக்கையை எடுத்துப் பாருங்கள். படம் கூடவே பேசுகிறது, எண்கள் வருகின்றன, ஒரே வாக்கிய அமைப்பு திரும்பத் திரும்ப வருகிறது, அடுத்து என்ன சொல்வார் என்று ஊகிக்க முடிகிறது. ஏ1 வகுப்புக்கு இதைவிட நல்ல அசல் ஆவணம் அரிது என்பேன்.

அந்த வானிலை அறிக்கையையே எடுத்துக்கொள்வோம். முழு அறிக்கை மூன்று நிமிடம் என்றால் ஆசிரியர் எடுப்பது ஒரு நிமிடம். முதல் முறை ஒலியை அணைத்துவிட்டுப் படத்தை மட்டும் காட்டுகிறார். பிரான்ஸ் வரைபடம், மேகம், சூரியன், எண்கள். ‘இந்த அம்மா என்ன சொல்லப் போகிறார்?’ என்று கேட்கிறார். மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த சொற்களைப் பலகைக்கு அனுப்புகிறார்கள்: மழை, வெயில், காற்று, வடக்கு, தெற்கு. காது திறக்கும் முன்பே மனம் தயாராகிவிடுகிறது. அப்புறம் ஒலியோடு ஒருமுறை. ஒரே ஒரு கேள்விதான்: பலகையில் உள்ள எந்தெந்தச் சொல் உண்மையில் வந்தது? அடுத்த முறை வெப்பநிலை மட்டும். யார் எந்த நகரத்துக்கு எந்த எண்ணைக் குறித்தார்கள் என்று ஒப்பிடுகிறார்கள். இதுவரை எழுத்துவடிவம் யார் கையிலும் இல்லை.

நான்காம் முறைதான் எழுத்துத் தாள் வருகிறது, சில இடங்கள் காலியாக. இங்கேதான் அனுபவம் தெரியும். ஏழு சொல்லுக்கு ஒரு கோடு என்று கண்மூடித்தனமாக வெட்டினால் அது நினைவாற்றல் சோதனை ஆகிவிடும். இந்தப் பாடத்தில் கற்பிக்க வேண்டியது இடத்தைக் குறிக்கும் முன்னிடைச் சொற்கள் என்றால் அவற்றை மட்டும் வெட்ட வேண்டும். நகரத்துக்கு ‘ஆ லீல்’, பிராந்தியத்துக்கு ‘ஆன் பிரெத்தாஞ்’, திசைக்கு ‘தான் லெ நோர்’. தமிழில் எல்லாவற்றுக்கும் ‘-இல்’ என்ற உருபே போதும். பிரெஞ்சில் இடத்தின் வகையைப் பார்த்துச் சொல் மாறும். அந்த விதியை ஆசிரியர் சொல்வதில்லை. நிரப்பிய தாளைப் பார்த்து மாணவர்களே கண்டுபிடிக்கிறார்கள். கடைசியில் ஒவ்வொருவரும் தம் தலைக்கு மேலுள்ள வானத்தைப் பார்த்து ஒரு நிமிட அறிக்கை தயாரித்துக் கைபேசியில் பதிவு செய்து வகுப்புக்கு அனுப்புகிறார்கள். ஒரு நிமிட ஒலிப்பதிவுக்குப் பின்னால் ஒரு மணி நேர வகுப்பு. அந்த வகுப்புக்குப் பின்னால் ஆசிரியரின் இரண்டு மணி நேரம். வளம் இலவசம் என்று சொல்லும்போது இந்த இரண்டு மணி நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

கேட்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் சிக்கலே அங்கேதான். தமிழில் சொல்லும் சொல்லும் சேரும்போது புணர்ச்சி நடந்தால் பெரும்பாலும் அதை எழுதியும் காட்டுகிறோம். பிரெஞ்சில் ‘லியேசோன்’ என்ற புணர்ச்சி காதில் மட்டும் நடக்கிறது. ‘லே’ என்பதும் ‘ஆன்ஃபான்’ என்பதும் தனித்தனிச் சொற்கள். சேர்ந்து வரும்போது நடுவில் ஒரு மெல்லிய ஸகரம் முளைத்து இரண்டையும் ஒட்டவைக்கிறது. எழுத்தில் எல்லை இருக்கிறது, ஒலியில் இல்லை. போதாததற்கு மூக்கொலி உயிர்கள். அவற்றை நான் இங்கே ‘ஆன்’ என்றும் ‘தான்’ என்றும் எழுதும்போதே ஒலி பாதி தொலைந்துவிடுகிறது. அங்கே உண்மையில் ‘ன்’ என்ற மெய்யே கிடையாது, உயிரெழுத்து மூக்கு வழியாகப் போகிறது, அவ்வளவுதான். இதை எந்தப் புத்தகமும் எழுதிப் புரியவைக்க முடியாது. அதனால்தான் ஒரு சொல்லைப் பலர் உச்சரித்துப் பதிவேற்றியிருக்கும் ஃபோர்வோ போன்ற தளம் ஆசிரியருக்கு அவ்வளவு பயன்படுகிறது. ஒரே சொல்லை நான்கு பேர் சொல்லக் கேட்டால், எது அந்த ஒலியின் உயிர், எது அந்த ஆளின் பழக்கம் என்று காது தானே பிரித்தறியும்.

காணொளி இயக்கிகளில் வேகத்தைக் குறைக்கும் வசதி உண்டு. மாணவர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். அதை முதல் முறையே பயன்படுத்த விடக்கூடாது. இயல்பு வேகத்தில் கேட்டு, தடுக்கும் இடத்தைக் குறித்துக்கொண்டு, அந்த இடத்தை மட்டும் மெதுவாக்கிக் கேட்டு, உடனே மறுபடி இயல்பு வேகத்துக்குத் திரும்ப வேண்டும். மெதுவான பிரெஞ்சிலேயே காது பழகிவிட்டால் அப்புறம் அதை மாற்றுவது பெரும்பாடு. வசன வரிகளும் அப்படித்தான். பிரெஞ்சுப் பேச்சுக்குப் பிரெஞ்சு வசன வரியே போட்டாலும் இரண்டும் ஒன்றாக இருக்காது. எழுதுபவர் பேச்சைச் சுருக்குவார், திருத்துவார். பேச்சில் உதிர்ந்த அந்த ‘ந’ பல சமயம் வசன வரியில் திரும்பி வந்து உட்கார்ந்திருக்கும். சில ஆசிரியர்கள் இதையே பயிற்சி ஆக்குகிறார்கள்: வசன வரியில் இருக்கிறது, காதில் விழவில்லை, அப்படி எத்தனை சொல்? மாணவர்கள் துப்பறிவாளர்போல உட்கார்ந்து கேட்பார்கள்.

அடுத்தது, எந்த ஊர்ப் பிரெஞ்சு என்ற கேள்வி. பிரெஞ்சு பேசுவோர் உலகில் 32 கோடிக்கு மேல் என்று பிரெஞ்சுமொழி நாடுகளின் பன்னாட்டு அமைப்பு 2022இல் கணக்கிட்டது. அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஆப்பிரிக்காவில் இருக்கிறார்கள். பழைய ஒலிநாடாவில் ஒலித்ததோ பெரும்பாலும் பாரிஸ் படித்தவர்க்கத்தின் குரல். மாணவர் நாளை டக்காரிலோ மொன்ரியாலிலோ பிரசெல்சிலோ உள்ளவரோடு பேச வேண்டியிருக்கும் என்பது பாடத்தில் தெரியவே தெரியாது. இணையம் இதை மாற்ற வழி கொடுத்திருக்கிறது.

எண்களைக் கொண்டே இதை அழகாகத் தொடங்கலாம். பிரான்சில் 97 என்பதை ‘நான்கு இருபது பதினேழு’ என்பார்கள். பெல்ஜியத்திலும் சுவிட்சர்லாந்திலும் 70க்கு ‘செப்தாந்த்’, 90க்கு ‘நொனாந்த்’ என்று நேரான சொல் இருக்கிறது; சுவிட்சர்லாந்தின் சில மாநிலங்களில் 80க்கு ‘வீத்தாந்த்’ கூட உண்டு. ஒரு பெல்ஜிய வானொலித் துணுக்கில் விலையோ வயதோ வரும் இடத்தைப் போட்டுக் காட்டினால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். ‘தீனே’ என்ற சொல் பிரான்சில் பெரும்பாலும் இரவு உணவு, கனடாவின் கியூபெக் மாநிலத்தில் மதிய உணவு. அழைப்பைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஏழு மணி நேர வித்தியாசம். மின்னஞ்சலுக்குக் கியூபெக் தந்த ‘கூரியேல்’ பிரான்சிலும் பரவியிருக்கிறது. செனகலில் பெட்ரோல் நிலையத்துக்கு ‘எசான்சரீ’ என்பார்கள். இவற்றையெல்லாம் எந்த நாட்டுச் சொல் என்ற குறிப்போடு தேட, 2021 மார்ச்சில் தொடங்கிய ‘திக்சியோனேர் தே ஃபிரான்கோஃபோன்’ என்ற இலவச இணைய அகராதி உதவுகிறது. கியூபெக் அரசின் மொழி அலுவலகம் வைத்திருக்கும் கலைச்சொல் தொகுப்பும் மொழி ஐயங்களுக்கான விளக்கங்களும் தனிச் சுரங்கம். கியூபெக்குக்கு வெளியே உள்ள வகுப்புகளில் அவை போதிய அளவு எட்டிப்பார்க்கப்படவில்லை என்பது என் வருத்தம்.

அகராதி என்றதும் பாலைச் சொல்ல வேண்டும். தமிழில் மேசையும் நாற்காலியும் அஃறிணை, அதோடு முடிந்தது. பிரெஞ்சில் ஒவ்வொரு பெயர்ச்சொல்லும் ஆண்பாலோ பெண்பாலோ ஆகியே தீரும், அதற்கேற்ப அதன் முன்னால் வரும் சின்னச் சொல்லும் அடைமொழியும் மாறும். மாணவர்கள் மொழிபெயர்ப்புச் செயலியில் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டு பாலை விட்டுவிடுகிறார்கள். நல்ல ஆசிரியர் முதல் மாதமே ஒருமொழி அகராதிக்குள் அழைத்துப் போய், பொருளுக்கு முன்னால் நிற்கும் அந்தச் சின்னக் குறியைப் பார்க்கப் பழக்குகிறார். உயர்நிலை மாணவர்களுக்கு ‘த்ரெசோர்’ என்ற பேரகராதி இருக்கிறது. 1971 முதல் 1994 வரை 16 தொகுதிகளாக அச்சில் வந்தது, இப்போது முழுவதும் இலவசமாக இணையத்தில். ஒரு சொல்லின் வரலாறு, அதை எழுத்தாளர்கள் கையாண்ட விதம் எல்லாம் அங்கே விரிந்து கிடக்கும். பிரெஞ்சு தேசிய நூலகம் 1997இல் தொடங்கிய ‘கலிக்கா’ மின்நூலகத்தில் பழைய நாளிதழ்கள், சுவரொட்டிகள், வரைபடங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய விளம்பரம் ஒன்றை வைத்து ஏவல் வினையைக் கற்பிக்கலாம். அதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை, விளம்பரம் அன்றும் இன்றும் ‘வாங்குங்கள்’ என்றுதான் சொல்கிறது.

சொல் மனப்பாடத்துக்கான செயலிகளை நான் சுருக்கமாகவே சொல்வேன். அவை பயன்படும், அளவோடு. மின் அட்டைகளில் சொற்களை எழுதிப் பழகும் க்விஸ்லெட் செயலி பிறந்த கதை மட்டும் சொல்லத் தகுந்தது. 2005இல் ஒரு பதினைந்து வயதுப் பள்ளி மாணவர் தம் பிரெஞ்சு வகுப்பில் 111 சொற்களை மனப்பாடம் செய்ய வேண்டியிருந்ததால் தமக்காக எழுதிய நிரல் அது. மாணவரே தமக்காகச் செய்தது என்பதில் ஒரு பாடம் இருக்கிறது: ஆசிரியர் தயாரித்த அட்டைகளைவிட மாணவர் தாமே தயாரிக்கும் அட்டைகள் மனதில் நிற்கும். ஒரே நிபந்தனை. மேசைக்கு ‘தாப்ல்’ என்று வெறும் சொல்லாக எழுதக்கூடாது, பெண்பாலைக் காட்டும் ‘யூன்’ சேர்த்து ‘யூன் தாப்ல்’ என்று எழுத வேண்டும். கேட்டதிலிருந்து ஒரு முழு வாக்கியத்தையும் சேர்த்தால் இன்னும் நல்லது.

தானாகத் திருத்தும் பயிற்சிகளில் ஒரு கண்ணி இருக்கிறது. பிரெஞ்சு அரசிதழ் 1990 டிசம்பர் 6 அன்று எழுத்துச் சீர்திருத்தங்களை வெளியிட்டது. ஏறக்குறைய 2000 சொற்களில் மாற்றம். பல சொற்களில் ‘இ’, ‘உ’ எழுத்துகளின் தலையில் இருந்த தொப்பிக் குறி போனது. பழைய எழுத்தும் பிழையல்ல, புதிய எழுத்தும் பிழையல்ல. கணினிப் பயிற்சியிலோ ஒரே விடைதான் ஏற்றப்பட்டிருக்கும். சரியாக எழுதிய மாணவருக்குச் சிவப்புக் குறி வரும். ‘கணினி தவறு என்கிறதே’ என்று முகம் வாடும் மாணவரிடம், நீ எழுதியது சரி என்று சொல்ல அங்கே ஒரு மனிதர் இருக்க வேண்டும். வீட்டுப்பாடம் முழுவதையும் தானியங்கிப் பயிற்சியிடம் ஒப்படைப்பதை நான் எதிர்ப்பதற்கு இது ஒன்றே போதும்.

தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இணையம் தந்த மிகப் பெரிய நன்மை, என் கணக்கில், மதிப்பெண் அட்டவணை. டெல்ஃப் தேர்வு ஏ1 முதல் பி2 வரை, டால்ஃப் சி1, சி2. பிரான்சின் கல்வி அமைச்சகம் 1985 முதல் வழங்கும் சான்றிதழ்கள் இவை. சி2 தவிர மற்ற நிலைகளில் கேட்டல், படித்தல், எழுதுதல், பேசுதல் ஒவ்வொன்றுக்கும் 25 மதிப்பெண். அங்கே மொத்தம் 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் எந்தப் பகுதியிலும் 5க்குக் கீழே போகக்கூடாது. மாதிரி வினாத்தாள்களை எல்லோரும் பதிவிறக்குகிறார்கள். கூடவே கிடைக்கும் திருத்துவோர் அட்டவணையைச் சிலரே திறக்கிறார்கள். எழுதிய கடிதத்தை அந்த அட்டவணையை வைத்து மாணவர்களே ஒருவருக்கொருவர் திருத்தும்போது, கேட்டதற்குப் பதில் எழுதினேனா, வாசிப்பவருக்கு ஏற்ற தொனியில் எழுதினேனா என்பதற்கும் மதிப்பெண் உண்டு என்பது அப்போதுதான் உறைக்கிறது. இலக்கணம் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அது பெரிய திருப்பம்.

மொழிபெயர்ப்புச் செயலியையும் செயற்கை நுண்ணறிவையும் தவிர்த்துவிட்டு இந்தப் பேச்சு முடியாது. மாணவர்கள் பயன்படுத்துகிறார்கள், தடுத்தாலும் பயன்படுத்துவார்கள். ஏ2 மாணவரின் கட்டுரையில் திடீரென்று கடினமான வினைத்திரிபுகள் வரிசையாக வந்தால் ஆசிரியருக்குப் புரிந்துவிடும். அதைக் குற்றமாகப் பிடிப்பதைவிடப் பாடமாக்குவது நல்லது. பிரெஞ்சில் ‘த்யு’, ‘வூ’ என்பவை நம் நீ, நீங்கள் போல. தமிழருக்கு இது தனியாகக் கற்க வேண்டிய நுட்பமே இல்லை. எப்போது எதைச் சொல்வது என்ற உணர்வு ரத்தத்திலேயே இருக்கிறது. ஆனால் மாணவர் ஆங்கிலத்தில் எழுதிச் செயலியில் போடும்போது இரண்டும் ஒரே சொல்லாகக் கரைந்துவிடுகிறது. வெளியே வரும் கடிதத்தில் பள்ளி முதல்வரை ‘நீங்கள்’ என்று தொடங்கி நடுவில் ‘நீ’ என்று அழைத்திருக்கும். அந்தக் கடிதத்தை வகுப்பில் போட்டு, ‘எங்கே மரியாதை தவறியது, கண்டுபிடியுங்கள்’ என்றால் மாணவர்கள் அரை நிமிடத்தில் பிடித்துவிடுவார்கள். கருவியை நம்பும் அளவு எது என்பது அந்த அரை நிமிடத்தில் அவர்களுக்கே தெரிந்துவிடும்.

ஆசிரியர்களும் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துகிறார்கள்: ஒரு செய்தியை எளிய பிரெஞ்சில் மாற்றி எழுதித் தா, இதற்கு ஐந்து கேள்வி தா என்று. வேலை குறைகிறது, உண்மை. ஆனால் ஏ2 என்று கேட்டாலும் ஏ2க்கு மேற்பட்ட அமைப்புகள் நழுவி வரும். செய்தியில் இல்லாத தகவல் புகுந்துவிடுவதும் உண்டு. வரிவரியாகப் படித்துத் திருத்திய பிறகே வகுப்புக்குப் போக வேண்டும். இன்னொன்றும் சொல்லத் தோன்றுகிறது. கருவி எழுதும் பிரெஞ்சு வழுவழுப்பாக, யாருடைய குரலும் இல்லாமல் இருக்கிறது. அதையே முழுநேரப் பாடமாக்கினால் யாரும் இருமாத, யாரும் தடுமாறாத அந்தப் பழைய ஒலிநாடாவுக்கே திரும்பிப் போகிறோம்.

மனிதரோடு மனிதர் பேசவைப்பதுதான் இணையத்தின் மிக நல்ல பயன் என்று நம்புகிறேன். ஐரோப்பாவில் 2005 முதல் ‘ஈட்வினிங்’ திட்டத்தில் பள்ளிகள் வகுப்போடு வகுப்பு சேர்ந்து வேலை செய்கின்றன. அப்படி ஒரு திட்டம் இல்லாத இடத்திலும் ஆசிரியர்கள் தாமாகவே இன்னொரு நாட்டு ஆசிரியரைப் பிடித்து இணைவகுப்பு அமைத்துக்கொள்கிறார்கள். நேரலையில் பேசுவது நேர வித்தியாசத்தாலும் கூச்சத்தாலும் அடிக்கடி சொதப்பும். குரல் செய்தி பரிமாறிக்கொள்வது எளிது: ஒன்றரை நிமிடம் பேசி அனுப்பு, வந்ததைப் பத்து முறை கேள், யோசித்துப் பதில் அனுப்பு. கூச்ச சுபாவமுள்ள மாணவர் எட்டு முறை அழித்துவிட்டு ஒன்பதாவது பதிவை அனுப்புவார். அந்த எட்டுமே பேச்சுப் பயிற்சிதான்.

கடைசியாக, காப்பாற்றி வைப்பது. அடோபி நிறுவனம் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை 2020 டிசம்பர் 31 அன்று நிறுத்தியது. ஆசிரியர்கள் வருடக்கணக்கில் உருவாக்கியிருந்த விளையாட்டுகள், ஒலிப் பயிற்சிகள், அசையும் இலக்கணப் பாடங்கள் பல அதோடு திறக்காமல் போயின. பல காணொளிகள் உரிமைக் காரணத்தால் சில மாதங்களில் எடுக்கப்பட்டுவிடும். சில தொலைக்காட்சி நிகழ்ச்சிகள் பிரான்சுக்கு வெளியே ஓடுவதே இல்லை. எல்லாவற்றையும் நகலெடுத்து வைக்கவும் முடியாது, பதிப்புரிமை இருக்கிறது. பகிர அனுமதி தரும் உரிமத்தோடு வெளியிடப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அதனால் பழகிய ஆசிரியர்கள் இணைப்பை மட்டும் நம்புவதில்லை. ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள் வைத்திருக்கிறார்கள்: எங்கே கிடைத்தது, எந்தத் தேதி, எத்தனையாவது நொடியிலிருந்து எத்தனையாவது நொடிவரை, யார் எந்த ஊர் உச்சரிப்பில் பேசுகிறார், எந்தக் கேள்வி வகுப்பில் எடுபட்டது, எது எடுபடவில்லை. இணைப்பு செத்துப்போனால் அந்தத் தாளை வைத்து வேறொரு வானிலை அறிக்கையைப் பத்து நிமிடத்தில் தேடிப் பிடித்துவிடலாம். நாளைய அறிக்கை நாளை காலையில் எப்படியும் வந்துவிடும்.